மலாக்கா ஆற்றில் என்னைப் படகேற்றிய மகனுக்கு

மகன், அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தில் நான் ஒரு கதை சொல்லப்போகிறேன். அதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்பதை முதலிலேயே பகிரங்கமாக உறுதி கூறிவிடுகிறேன். சாய்ந்தமருதில் நம்பவில்லை, கல்முனை பஸாரில் நம்பவில்லை, என் துணிக்கடையில் சாரனுக்கு விலை கேட்க வந்தவர்கள் விலையையும் நம்பவில்லை, கதையையும் நம்பவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்து கண்ணால் கண்ட உன் உம்மாவே நம்பவில்லை. மஃரிப் தொழுகைக்கும் இஷாத் தொழுகைக்கும் இடையில், ஒரு பிளாஸ்டிக் கதிரையை விட்டு அசையாமல், கையில் ஒரு துண்டுத் தொதலைத் தவிர வேறு ஆயுதம் எதுவும் இல்லாமல், நான் தன்னந்தனியாக மலாக்கா நகரத்தைப் பறங்கியரிடமிருந்து மீட்டெடுத்த கதை அது.

இதை உனக்குப் போனில் அனுப்பியிருக்கலாம்தான். அனுப்பினால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலை நிமிர்த்தி ஒரு படம் போடுவாய். பெற்ற வாப்பா நெஞ்சைப் பிழிந்து எழுதினாலும் கட்டைவிரல், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது என்று எழுதினாலும் கட்டைவிரல். அதனால்தான் ஊரே வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். ஊர் வாசித்தால் ஊர் உன்னிடம் கேட்கும். ஊருக்குக் கட்டைவிரல் காட்டித் தப்ப முடியாது.

கதைக்கு வருகிறேன். உனக்கு அட்டாளைச்சேனையில் ஹஸ்னாவைக் கல்யாணம் பேசி முடித்த பிறகு, கோலாலம்பூரிலிருந்து நீ போன் எடுத்தாய். “வாப்பா, கலியாணத்துக்கு முந்தி உம்மாவையும் கூட்டிக்கிட்டு ஒருக்கா வாங்க” என்றாய். என் மகனின் பாசத்தை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. இப்போது அந்தக் கண்ணைக் கழற்றிக் கழுவி வைத்திருக்கிறேன். உன் உம்மா அன்றிரவே தேங்காய்ப்பாலைக் காய்ச்சித் தொதல் இனிப்புக் கிண்ட ஆரம்பித்தா. எங்கள் பயணப் பெட்டியில் எங்கள் உடுப்புக்கு இடமிருக்கவில்லை. ஒரு வளர்ந்த மனிதனின் நிறைக்குத் தொதல். விமானம் கட்டுநாயக்காவிலிருந்து எழும்ப மறுத்தது; விமானி வந்து என்னிடம் “ஹாஜியார், அந்தப் பெட்டியை வலது பக்கம் மாற்றி வையுங்கள்” என்று கெஞ்சிய பிறகே எழும்பியது. சரி, அதை நம்பவேண்டாம். ஆனால் அத்தனை தொதலையும் சுமந்துகொண்டு நாங்கள் போய் இறங்கிய மலாக்காவில், தெருவுக்குத் தெரு, கடைக்குக் கடை, தொதல் தொங்கியதே! அதே கறுப்பு, அதே பளபளப்பு, கேட்டால் பெயரும் அதே பெயர்தான். உன் உம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டா.

“இஞ்ச பாருங்களே, எங்கட தொதல் இவனுகளுக்கு எப்பிடிக் கிடச்ச?”

“பறங்கிக்காரன் ரெண்டு ஊரையும் பிடிச்சவன்தானே. போற வழியில எங்கட அடுப்படியில களவெடுத்திரிப்பான்.”

அவ ஒரு துண்டை வாங்கி வாயில் போட்டு, கண்ணை மூடி, தீர்ப்பு வழங்கினா. “சீனி கூட. தேங்காப்பால் போதா. களவெடுத்தவனுக்குக் கிண்டத் தெரியல்ல.” பறங்கியருடன் எனக்குப் போர் மூண்டது அந்த இடத்தில்தான். இதையும் வரலாற்றில் எழுதவேண்டும்.

நீயோ போனில் ஒரு அட்டவணை வைத்திருந்தாய். எங்கே நிற்பது, எங்கே நடப்பது, எந்தச் சுவருக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டுவது, எல்லாம் அதில் இருந்தது. அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் நான் ஒரு கல்லில் இரண்டு நிமிடம் இருந்ததற்கு “வாப்பா, இது இரிக்கிற இடமில்ல, பார்க்கிற இடம்” என்றாய். முழங்காலுக்கு அது எப்படித் தெரியும், சொல்லு பார்ப்போம். அட்டவணையின் கடைசியில் இருந்தது படகு. “இரவுல ஆத்தால போய் பழைய டவுனப் பார்க்கிற வாப்பா. வெளிச்சமெல்லாம் போட்டிரிப்பாங்க, வடிவா இரிக்கும்.” நான் எதிர்த்தேன். கடற்கரையில் பிறந்தவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாய்க்காலில் மிதக்க விடுவது மரியாதையா என்று கேட்டேன். அந்த ஆற்றின் அகலம் உனக்கும் தெரியும். வயலுக்குத் தண்ணீர் போகிற நம் பெரிய வாய்க்காலுக்கு வெளிச்சம் கட்டி, கரையில் நாலு தேத்தண்ணிக் கடையைத் திறந்தால் அதுதான் மலாக்கா. சாரனை மடித்துக் கட்டினால் நான் அதை ஒரே எட்டில் தாண்டிவிடுவேன். நீ சிரிக்கவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் நீ சிரிப்பாய். அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

நீ என்னைப் படகில் ஏற்றியது நகரத்தைக் காட்டவல்ல, மகன். இறங்கி ஓட முடியாத ஒரு இடத்தில் என்னை இருத்தி வைக்கத்தான்.

என் பழக்கத்தை ஊர் அறியும். முக்கியமான கதை ஒன்று தொடங்கினால் எனக்குத் தேத்தண்ணித் தாகம் வந்துவிடும். நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, டாக்டருக்குப் படிக்க எனக்கு விருப்பமில்லை வாப்பா என்று வாயைத் திறந்த அன்று, “ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்” என்று எழும்பினேன். கடைக்கு முன்னால் அக்கரைப்பற்று பஸ் நின்றது. ஏறிவிட்டேன். இரவு ஒரு வத்தகப்பழத்தோடு வந்தேன், அதற்குள் நீ உன் உம்மாவோடு கதைத்து முடித்திருந்தாய். அது சிரிக்கக்கூடிய கதை. சிரிக்க முடியாத கதையும் ஒன்று இருக்கிறது. உம்மாவுக்கு ஆப்ரேசன் என்று டாக்டர் எங்களைக் கூப்பிட்டு இருத்தியபோதும் எனக்குத் தாகம் வந்தது. நான் திரும்பி வந்தபோது, பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு நீ அந்தக் கதிரையில் இருந்தாய். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் நீ கேட்டு வைத்திருந்தாய், ஒன்று விடாமல் எனக்குச் சொன்னாய். உன் குரல் அன்றைக்கு உடைந்ததுதான், அதற்குப் பிறகு ஆண்பிள்ளைக் குரலாகவே வந்தது. படகை நீ ஏன் தெரிவு செய்தாய் என்று எனக்கு நன்றாக விளங்குகிறது. நல்ல யோசனை. எரிச்சல் என்னவென்றால், அவ்வளவு நல்ல யோசனையை நீ கடைசியில் கெடுத்துப்போட்டதுதான்.

எங்களுக்கு ஆளுக்கொரு செம்மஞ்சள் மிதவை அங்கியை மாட்டிவிட்டார்கள். உன் உம்மா அபாயாவுக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு பயண துஆ ஓதினா. ஓதி முடித்ததும் தொதல் டப்பாவைத் திறந்து, படகில் இருந்த எல்லாருக்கும் பங்கு வைத்தா. “இதுதான் ஒரிஜினல், சாப்பிடுங்க. கடையில இரிக்கிறது கொப்பி.” எங்களுக்குப் பின்னால் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். புருசன், பெண்சாதி, பெண்சாதியின் தாய். அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். படகு வெளிக்கிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் அந்த நகரத்தின் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கியது. நீ என் பக்கம் சாய்ந்து, தொண்டையைச் செருமினாய்.

“வாப்பா, ஒரு விசயம் கதைக்கணும்.”

எனக்கு உடனே தாகம் வந்தது. சுற்றிப் பார்த்தேன். நாலு பக்கமும் தண்ணீர்.

வேறு வழியில்லாமல்தான் நான் சரித்திரத்துக்குள் குதித்தேன். பின்னால் திரும்பி, ஈப்போக் குடும்பத்திடம் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து வந்த சரித்திரப் பேராசிரியர். ஒலிபெருக்கி சொல்வதில் பாதி பிழை, இந்த நகரத்தின் மெய்யான கதையை நான் சொல்கிறேன் என்றேன். கரையில் நின்ற அந்தப் பெரிய மரக்கப்பலைக் காட்டி, அது கல்முனைக்குடியில் என் மூத்தவாப்பாவின் வளவில் கட்டியது என்றேன். பறங்கியர் பீரங்கி, குண்டு எல்லாம் கொண்டுவந்தும் எங்கள் ஊருக்குள் கால் வைக்க முடியவில்லை. விடியற்காலையில் எங்கள் மீன்காரர் ஒருவர் “பாரைக்குட்டியேய்” என்று கூவியதைக் கேட்டு, அது ஏதோ போர் முரசு என்று பயந்து, ஒரே ஓட்டமாக மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்றேன்.

“உண்மையாவா லா?” என்றா ஈப்போக்காரரின் பெண்சாதி.

“என் தங்கச்சி, கோட்டை எல்லாம் ஏன் கட்டினான் எண்டு நினைக்கிறீங்க? அந்தக் குரல் திரும்பக் கேட்டிரும் எண்ட பயத்துலதான்.”

“வாப்பா” என்று நீ என் கையைப் பிடித்தாய். “ஹஸ்னாவும் நானும் ஒரு முடிவு...”

“முதலை!” என்று கத்தினேன்.

தண்ணீரில் ஏதோ நீந்தியது மெய். படகில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள், படகு ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது, ஓட்டுநர் எங்களை நோக்கி மலாயில் ஏதோ சொன்னான். அது துஆ அல்ல என்று மட்டும் விளங்கியது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய்: “வாப்பா, அது கபரகொய்யா. நம்மட ஊரு வாய்க்கால்ல பெரிய உடும்பு மாதிரிக் கிடக்குமே, அதுதான்.”

“டேய், வரலாறு நடக்கிற நேரம் குறுக்க கதைக்காத.”

அப்படியே ஆறு வளைந்தது. பழைய வீடுகளின் பின்சுவர் எல்லாம் நிறம் நிறமாகப் படம் வரைந்திருந்தார்கள், அவற்றின் வெளிச்சம் தண்ணீரில் இறங்கி, நம் கடையில் புதுப் பட்டுத்துணியை உதறி விரித்த மாதிரி அசைந்தது. இதை மட்டும் பொய் கலக்காமல் சொல்கிறேன், வடிவாகத்தான் இருந்தது. ஒரு மலாய்க் குடியிருப்பு வந்தது. பலகை வீடு, வாசலில் படி, படியில் சாரனோடு ஒரு மனிதர் இருந்து எங்களைப் பார்த்தார். அந்தச் சாரனின் கட்டத்தைப் பார்த்தேன். “நானா, அது எங்க எடுத்த? நம்மட கடைக்கு வாங்க, விலை பார்த்துத் தாறன்!” என்று படகிலிருந்தே அண்ணன் முறை வைத்துக் குரல் கொடுத்தேன். அவர் கை அசைத்தார். அந்த ஒரு கையசைப்போடு மலாக்கா என்னிடம் சரணடைந்தது. ஈப்போக் குடும்பம் கைதட்டியது. உன் உம்மா மட்டும், “ஒங்கட வாப்பாவ வீட்டுலயே விட்டுட்டு வந்திரிக்கலாம் மகன்” என்றா.

வெற்றி உரை ஆற்றுவதற்காக நான் எழும்பி நின்றேன். பாலம் வருகிறது, தலையைக் குனியுங்கள் என்று ஓட்டுநர் கத்தினானாம். வெற்றி பெற்றவன் குனிவானா? பாலம் வந்து என் தலையில் மோதியது. மகன், அந்தப் பாலம் அரைச் சாண் மேலே எழும்பியது. இன்றைக்கும் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதன் அடியில் பெரிய படகும் போகலாம் என்று இப்போது அங்கே சந்தோசப்படுகிறார்களாம். எனக்கு ஒரு கீறலும் இல்லை. இப்படித்தான் நான் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பாலத்துக்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கரை வரும் வரை ஒரு சொல் கதைக்கவில்லை. உன் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. அது உனக்காக அல்லாஹ் திறந்துவிட்ட வாசல். நீ சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருப்பேன். நீ என்ன சொன்னாய்? “இன்னும் ஒரு பாலம் இரிக்கி வாப்பா, குனிஞ்சே இரிங்க.” அவ்வளவுதான். படகு கரையைத் தொட்டதும் நான்தான் முதல் ஆளாக இறங்கினேன், ஒரு தேத்தண்ணிக் கடையை நோக்கி. நீயும் பின்னாலே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து, ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்தாய். என் பிள்ளைதான் நீ, சந்தேகமே இல்லை. அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்த கிழமைதான் ஹஸ்னா உன் உம்மாவுக்குப் போன் எடுத்தா. “மாமி, அவர் ஆத்துல வெச்சுச் சொல்லிட்டாரா? மாமா என்ன சொன்ன?” உன் உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவ போனை வைத்துவிட்டு, நேராக வந்து, என் செருப்புச் சோடியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா.

“றிஸ்விட வாப்பா, இரிங்க. எங்கயும் போறல்ல. கதைய முழுசாக் கேட்டுட்டுத்தான் எழும்பணும்.”

கேட்டேன். கல்யாணம் முடிந்ததும் ஹஸ்னாவையும் உன்னோடு கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாய். அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் பிள்ளைக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நல்ல விசயம். மாஷா அல்லாஹ். இதை எனக்குச் சொல்ல ஒரு ஆறும், ஒரு படகும், ஒரு பழைய நகரமும் எதற்கு? ஆனால் ஏன் என்று எனக்கும் தெரியும். நம் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். நானும் அப்படித்தான் கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருதுக்கு, உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தவன். இத்தனை வருசத்துக்குப் பிறகும் அவ கோபித்துக்கொண்டால் “இது என்ட ஊடு” என்றுதான் தொடங்குவா. ஆண்பிள்ளையைப் பெற்ற நாங்கள் அவன் போவான் என்று தெரிந்துதான் வளர்க்கிறோம். அட்டாளைச்சேனைக்குப் போவாய் என்று என் மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, உன் வீட்டு மேசையில், சம்மந்திக்காரனுக்குரிய மரியாதையோடு சோறு தின்று, உன் கட்டிலில் ஒரு கோழித் தூக்கம் போட்டுவிட்டு அசருக்குத் திரும்புவது என்று திட்டம். அந்தத் திட்டத்தைப் பஸாரில் எல்லாருக்கும் சொல்லியும் விட்டேன். கோலாலம்பூருக்கு மோட்டார் சைக்கிளில் எப்படி வருவது?

அது என் பாடு. போடியாரின் பாட்டை யோசித்தாயா? ஹஸ்னாவின் வாப்பா, அவ்வளவு வயல்காரர், உலகத்திலேயே நான் சொல்வதை எல்லாம் நம்புகிற ஒரே மனிதர். கல்யாணம் பேசப் போன அன்று, சும்மா வாய்க்கு வந்தபடி, “என்ட மகனுக்கு மாடியில காத்து வராட்டி நித்திரை வராது” என்று ஒரு பகிடி விட்டேன். நம் வீட்டில் மாடியே இல்லை என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். அப்படியும் நம்பினார். அடுத்த கிழமையே மேசனைக் கூப்பிட்டு, மகளுக்கென்று கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு மேலே இன்னொரு தட்டு எழுப்பத் தொடங்கிவிட்டார். அந்த மாடி என் ஒரு வசனத்துக்கு மேலே நிற்கிறது, மகன். அந்த வீடு வெறுமையாகக் கிடக்கப்போகிறது என்று அவருக்கு யார் சொல்வது? நீ எனக்குச் சொன்னால் அவருக்கு நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாய், ஹஸ்னா நீ எனக்குச் சொல்லிவிட்டாய் என்று நினைத்தா, நான் எதையும் நினைக்காமல் மலாக்காவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை உன் உம்மா என் செருப்பை எடுத்துத் தந்தா. அட்டாளைச்சேனைக்குப் போனேன். போடியார் என்னைக் கையில் பிடித்து மாடிக்கு ஏற்றினார்.

“வாங்க சம்மந்தி, இஞ்ச நிண்டு பாருங்க. காத்து எப்பிடி வருது?”

“பறந்திருவன் போல இரிக்கி.”

“இந்த ஜன்னலடியிலதான் மாப்புளட கட்டில். எழும்பினா வயல் தெரியும். நெல்லு பழுக்கிற நேரம் வந்து பாருங்க, மாப்புளைக்கு வேலைக்குப் போக மனம் வராது.”

எனக்குத் தாகம் வந்தது. “ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு...” என்று படியைப் பார்த்தேன். “தேத்தண்ணி இஞ்சயே வருது” என்றார் அவர். வந்தது, பிஸ்கட்டோடு. அதனால் மலாக்காக் கதையைத் தொடங்கினேன். விமானி, தொதல், முதலை, பாலம் எல்லாம் சொன்னேன். மனிதர் வாயைப் பிளந்து கேட்டார். “பாலத்துக்குப் பெரிய சேதமா?” என்று கவலையோடு விசாரித்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மேலே பொய் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டேன். கல்யாணம் முடிய மாப்பிள்ளை இங்கே இருக்கமாட்டான், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறான், ஹஸ்னாவுக்கும் அதுதான் விருப்பம், படிக்கப்போகிறா என்றேன்.

போடியார் வயிறு குலுங்கச் சிரித்தார். “சம்மந்தி, பகிடி விடாதீங்க. மாப்புள ஊட்டுக்கு வருவான் எண்டுதான் கேள்வி. புள்ள போற எண்டு ஆரும் சொன்னா நம்புவாங்களா?”

விமானி என்னை ஹாஜியார் என்று கெஞ்சியதை நம்பிய மனிதர், மகன். என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு மெய்யை நம்பவில்லை. நான் திரும்பச் சொல்லவில்லை.  கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். கீழே மேசன் பாஸ் தரைக்கு டைல்ஸ் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய சிரிப்பு நின்றது.

“நீங்க கதைக்காம இரிக்கிறதப் பார்த்தா...” என்றார்.

“ஓம்” என்றேன்.

அவர் எழும்பிப் போய் அந்த ஜன்னலடியில் நின்றார். ஜன்னல் நிலையில் ஒட்டியிருந்த சீமெந்தை நகத்தால் சுரண்டினார். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “புள்ள படிக்கட்டும். நான் மறிக்கமாட்டன்” என்றார். “ஆனா சம்மந்தி, நீங்க சொன்னா எது மெய், எது பகிடி எண்டு எனக்கு விளங்காது. மாப்புள வரட்டும். இந்த மாடியில நிண்டு, என்ட முகத்தப் பார்த்துச் சொல்லட்டும். சொன்னா ரெண்டு பேரையும் துஆ செஞ்சு அனுப்புவன். சொல்லப் பயந்தவனுக்கு நான் புள்ள குடுக்கல்ல.” கீழே இறங்கும்போது டைல்ஸ் வேலையை நிறுத்தச் சொன்னார். மேசன் பாஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் மோட்டார் சைக்கிள் வீடு வரும் வரை ஒரு பகிடியும் எனக்கு வரவில்லை.

இப்போது விளங்குகிறதா ஏன் எனக்கு இந்த எரிச்சல் என்று? நீ போவதற்கு அல்ல. போ. உன் வாப்பா ஊர் முன்னால் உத்தரவு தருகிறேன், போய் நல்லா இரு. உனக்கு நான் தரக்கூடிய புத்தி ஒன்றுதான்: சொல்லவேண்டியதைச் சொல்ல நல்ல இடம் தேடாதே. இறங்க முடியாத இடத்தில் இருத்தினாலும் ஓடுகிறவன் ஓடுவான். நான் கதிரையை விட்டு அசையாமல் எத்தனை நாடு ஓடினேன் என்று பார்த்தாய்தானே. முதலாவது பாலத்திலேயே சொல்லிவிடு. வாயை மூடிக்கொண்டு இருக்கிறவன் ஒருநாள் உன்னைப்போல ஒரு பிள்ளையைப் பெற்று, அவன் வெள்ளை உடுப்போடு டாக்டருக்கு முன்னால் தனியே இருக்கும்படி விட்டுவிடுவான். அது வேண்டாம் மகன். அதை நான் ஒருவனே செய்தது போதும்.

அடுத்த கிழமைக்குள் லீவு எடுத்துக்கொண்டு வா. நிகாஹுக்கு முதல் நாள் வந்து இறங்கலாம் என்று கணக்குப் பார்க்காதே. கட்டுநாயக்காவிலிருந்து நேரே அட்டாளைச்சேனைக்குப் போவோம். நானும் கூட வருவேன். மாடியில் உனக்குப் பக்கத்தில் நிற்பேன். தேத்தண்ணி வந்தாலும் குடிக்கமாட்டேன். ஒரு கதையும் சொல்லமாட்டேன். நீ சொல்லி முடிக்கிற வரை வாயைத் திறக்கமாட்டேன் என்று ஊரைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன். ஊர் இதை நம்பாது. போடியார் நம்புவார்.

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன கதையைப் பற்றி. விமானி என்னிடம் கெஞ்சவில்லை. மரக்கப்பல் எங்கள் வளவில் கட்டியதல்ல. பறங்கியர் எங்கள் மீன்காரருக்குப் பயந்ததற்கு ஆதாரம் இல்லை. மலாக்கா இன்னும் மலாக்காக்காரரிடம்தான் இருக்கிறது. அத்தனையும் பொய். ஒன்று மட்டும், சின்னதாக ஒன்று, மெய். அந்தப் பாலத்தில் ஒரு அடி விழுந்தது, சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் அடி என் தலையில் விழவில்லை. நான் எழும்பி நின்றபோது, பாலத்துக்கும் என் தலைக்கும் நடுவே உன் கை இருந்தது. தேத்தண்ணிக் கடையில் நீ கோப்பையை இடது கையால் எடுத்தாய். வலது கையை மேசைக்குக் கீழே மறைத்து வைத்திருந்தாய். விரல் முட்டியில் தோல் உரிந்திருந்ததை நான் பார்த்தேன் மகன். ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

உன்,
வாப்பா